சொந்த ஊரில் கோடை இன்டர்ன்ஷிப்: பணம் சேர்ந்துவிட்டது, எங்கே தொடங்குவது?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) எங்கள் ஊர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஊர் நலச் சங்கத்தின் பொருளாளராக இருக்கிறேன். எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பது பிள்ளைகளுக்கு மேல் கோவையிலும் ஊட்டியிலும் கல்லூரியில் படிக்கிறார்கள். மே மாதம் வீட்டுக்கு வருகிறார்கள், போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு ஜூனில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை ஊரிலேயே இன்டர்ன்ஷிப் செய்ய வைக்கலாம் என்று சங்கத்தில் 1,50,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். 15 பேருக்கு ஆளுக்கு 10,000 என்று கணக்கு. ‘சொந்த ஊருக்கு வேலை செய்யக் காசு எதற்கு, சர்டிபிகேட் போதுமே’ என்கிறார்கள் சில பெரியவர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் இருவர் பணம் தருவதாகச் சொல்கிறார்கள், வாங்கலாமா? பிரதமர் பெயரில் உள்ள இன்டர்ன்ஷிப் திட்டத்தில் இவர்களைச் சேர்க்க முடியுமா? இப்படியெல்லாம் செய்தால் படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்புவார்களா?

பதில்:

வணக்கம் ஐயா. சமூகப்பணி படிக்கும் மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் இருக்கிறேன். ஓர் ஊர்ச் சங்கம் தானே பணம் திரட்டிக்கொண்டு, இனி என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதியது எனக்கு இதுதான் முதல் முறை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரியவர்கள் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்தே ஆக வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் சம்பளம் இல்லாமல்தான் பிள்ளைகளை அனுப்பினோம். ஒரு பெண், ஒன்பதாம் நாளோடு வருவதை நிறுத்திவிட்டாள். பதிவேட்டில் ‘ஆர்வமில்லை’ என்று எழுதினேன். அடுத்த வாரம் ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு வர்க்கிக் கடையில் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் அந்த சீசன் கடைச் சம்பளத்தில்தான் வந்தாக வேண்டும். அந்த ‘ஆர்வமில்லை’யை அன்றைக்கே அடித்துவிட்டேன், ஆனால் அவளுக்கு அந்த வருடப் பயிற்சி போனது போனதுதான். நம் மலையில் மே மாதம் பலருக்கு விடுமுறை கிடையாது ஐயா, அது சம்பாதிக்கும் மாதம். சர்டிபிகேட்டுக்கு மட்டும் வேலை என்றால், வீட்டில் வசதி உள்ள பிள்ளைகள் வருவார்கள். மற்றவர்கள் உங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள்.

சரி, எவ்வளவு? ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. ஆறு வாரம், வாரம் ஆறு நாள் என்றால் 36 நாள், 12,096 ரூபாய். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு ஊர் கொடுக்கும் தொகை இதற்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து. 15,000 கொடுங்கள். அப்போது 15 பேருக்குப் பணம் போதாது என்பீர்கள். போதாதுதான், முதல் வருடம் 6 பேரை எடுங்கள். ஊக்கத்தொகை 90,000. பஸ், மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 3,000 என்று 18,000. வேலைக்கு வேண்டிய நோட்டு, பிரிண்ட், அளவு நாடா, போன் டேட்டாவுக்கு இன்னொரு 18,000. சங்கத்தின் சார்பில் ஒருவர் வாரம் ஒருமுறை எல்லா இடத்துக்கும் போய் வர வேண்டும், அவருக்கு 9,000. மீதி 15,000ஐத் தொடாமல் வையுங்கள். நடுவில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும், எங்காவது ஒரு செலவு வரும். பணத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் போடுங்கள். கடைசி நாள் மேடையில் கவரில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். ஆறு வாரம் கையில் காசில்லாமல் பஸ் ஏற யாராலும் முடியாது.

15 பேரிலிருந்து 6 பேர் என்று நான் குறைத்ததற்குப் பணம் பாதிக் காரணம்தான். 15 பேருக்கு உங்கள் ஊரில் வேலை இருக்கிறதா? கடிதத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, வேலை எது என்று ஒரு வரிகூட இல்லை. நான் பார்த்துத் தோற்றுப்போன பயிற்சிகளில் முக்கால்வாசி இங்கேதான் தோற்றன. பெயர் வேண்டாம், ஓர் அலுவலகத்தில் எங்கள் பையன் ஒருவன் ஆறு வாரமும் ஜெராக்ஸ் எடுத்து, கோப்புக்கு நூல் கட்டிக்கொடுத்தான். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, அவனுக்கு என்ன கொடுப்பது என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே முதலில் வேலையைத் தேடுங்கள். அது ஆறு வாரத்தில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். முடிந்தபின் ஊரில் யாராவது ஒருவர் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் செய்து நான் கண்ணால் பார்த்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஹட்டியில் குடிதண்ணீர் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. எந்த ஊற்றில் எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் தெரியாது, ‘முன்னைப் போல இல்லை’ என்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். பி.காம். படித்த ஒரு பெண் 10 லிட்டர் வாளியோடு தினமும் காலை ஏழு மணிக்குப் போய், வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பார்த்து எழுதினாள். முதல் ஊற்றில் 40 விநாடி. அப்படியானால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். மூன்றாவது ஊற்றில் வாளி நிறைய நான்கு நிமிடம் ஆனது. ஆறு நாளைக்கு ஒருமுறை நோட்டை ஊர்ப் பெரியவரிடம் காட்டுவாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார். நான்காம் வாரம், மூன்றாவது ஊற்றுக்கு மேலே போட்டிருந்த பைப்பைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது, கையில் அந்த நோட்டு இருந்தது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் தண்ணீர் குறைந்து கிடக்கும் மாதங்களில்தான் இந்த அளவுக்கு மதிப்பு. பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் அதே மாதங்களில். இந்த ஒரு வேலையை மட்டும் வருடா வருடம் செய்தாலும் உங்கள் சங்கத்தின் பணம் வீணாகாது.

இன்னொன்று தேயிலை. உங்கள் ஊரில் பெரும்பாலும் சிறு விவசாயிகள்தானே? கோடை மழை பெய்து கொழுந்து பொங்கும் நேரம் அது. தேயிலை வாரியம் மாதந்தோறும் நீலகிரிக்குப் பச்சைத் தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்த மாதம் கையில் என்ன வந்தது என்பது வேறு கணக்கு. எடை எவ்வளவு, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள், ஏஜென்ட் மூலம் போனதா நேராகத் தொழிற்சாலைக்குப் போனதா, பணம் எந்தத் தேதியில் வந்தது. இருபது குடும்பங்களுக்கு ஒரு மாணவர் ஆறு வாரம் இதை எழுதி வைத்து, குடும்பத்துக்கு ஒரு தாளாகக் கொடுத்துவிட்டுப் போகட்டும். யாரையும் குற்றம் சொல்ல இதைச் செய்யச் சொல்லவில்லை. தன் கணக்கைத் தானே பார்த்தால் விவசாயிக்குப் பேசத் தெம்பு வரும். ஒரு குடும்பத்தின் கணக்கு அடுத்த குடும்பத்துக்குப் போகாது என்று மாணவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அது கட்டாயம்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இண்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பின் கீழ் உள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்க ஆள் தேவைப்படும், கேட்டுப் பாருங்கள். ஊர்ப்புற நூலகம், காய்கறி மண்டி, உழவர் குழு, அரசுப் பள்ளி எல்லாம் நல்ல இடங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியைத் தொடும் வேலை எதுவும் கூடாது. காத்திருக்கும் இடத்தில் வழிகாட்டலாம், அவ்வளவே. ஊராட்சி அலுவலகத்துக்கு அனுப்புவதானால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

வேலை கொடுக்கும் இடத்திடமிருந்து இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, பிள்ளைக்குப் பொறுப்பாக ஒரே ஒரு ஆளின் பெயர். ‘ஆபீஸில் எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று சொன்னால் அங்கே அனுப்பாதீர்கள். அந்த ஆள் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும், சனிக்கிழமை அரை மணி. இரண்டு, ஒரு பங்குப் பணம். 2,000 ரூபாய் போதும், முடியாத பள்ளிக்கூடமோ நூலகமோ மதியச் சாப்பாடு போடட்டும். உங்களுக்கு அந்த 2,000 பெரிய தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். தான் காசு போட்ட இடத்தில் மனிதர் வேலை வாங்கவும் செய்வார், கவனிக்கவும் செய்வார். இலவசமாக வந்த ஆளை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய ஒரு சொல்லுக்கு வருகிறேன். ‘எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றுவட்டாரம் என்றால் யார் யார் ஐயா? ஹட்டியைத் தாண்டி எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகள் இருக்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். அவர்களைக் குடியமர்த்தத்தான் 1968இல் அரசின் தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. பிள்ளைகள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே, இருந்தும் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். கோத்தகிரிச் சரிவுகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கியவர்கள் என்று அரசு தனியாக வகைப்படுத்தியிருக்கும் ஆறு பழங்குடிகளும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரும், நீலகிரியில் இருப்பவர்கள். அங்கிருந்து கல்லூரிக்குப் போயிருக்கும் பிள்ளை பெரும்பாலும் அந்தக் குடியிருப்பிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவர்.

ஆறு இடத்தில் இரண்டை இவர்களுக்கு வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கொடுத்தது எங்கள் ஊர்க்காரர்கள் என்று சங்கத்தில் யாராவது சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அதே மலை, அதே பஸ், அதே பள்ளிக்கூடம் என்று நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஹட்டிப் பிள்ளையைப் பழங்குடிக் குடியிருப்புக்குக் கணக்கெடுக்க அனுப்பாதீர்கள். அங்கே ஏற்கெனவே நோட்டுப் புத்தகத்தோடு நிறையப் பேர் போய் வந்துவிட்டார்கள். அந்தக் குடியிருப்புப் பிள்ளையே தன் ஊருக்கு என்ன வேலை வேண்டும் என்று பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும், ஊக்கத்தொகையை மட்டும் சங்கம் கொடுக்கட்டும்.

மலைக்கென்று சில கட்டுப்பாடுகள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடித்துவிடுங்கள். ஊற்று அளப்பது போன்ற விடிகாலை வேலை என்றால் ஊர் ஆள் ஒருவர் கூடப் போகாமல் கூடாது. தேயிலைக்குள் காட்டுமாடு எங்கே நிற்கும், கரடி எந்த வழியில் இறங்கும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கோவையில் மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருந்தாலும் சீசன் நெரிசல் குறைந்தபாடில்லை. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கோ குன்னூருக்கோ தினமும் போய் வரும் இடத்தை மே மாதத்தில் கொடுக்காதீர்கள். நடந்து போகும் தூரமாக இருந்தால் நல்லது. கலைக் கல்லூரியில் தேர்வு முடிவதும் பொறியியலில் முடிவதும் வேறு வேறு தேதி, ஆகவே எல்லோருக்கும் ஒரே நாளில் தொடக்க விழா என்று வைக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்காது. புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். உங்கள் பிள்ளைகள் போகும் இடங்களில் பல அப்படிப்பட்ட சின்ன இடங்கள்தான். முதல் நாளே இதைப் பிள்ளைகளிடமும் வேலை கொடுப்பவரிடமும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லுங்கள். அப்புறம், சங்கத்தில் விவரமான ஒரு அம்மாவின் போன் நம்பரை எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். வாராவாரம் போய்ப் பார்த்து வரும் ஆளும் அவராகவே இருந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

வெளிநாட்டுப் பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த இருவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால், அவர் நம் ஹட்டியில் பிறந்தவராகவே இருந்தாலும், அது 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவு கேட்கச் சங்கத்துக்கு மூன்று வருட வயதும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் இருக்க வேண்டும். கிடைத்தாலும் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். உங்கள் அளவுக்கு இது வேண்டாத சுமை. அப்படிப்பட்டவரிடம் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோவில் வந்து ஒரு பிள்ளையோடு பேசட்டும், அந்த வார நோட்டைப் பார்க்கட்டும். பணம் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரைவிட அந்தப் பிள்ளைக்கு அவர் அதிகம் உதவுவார்.

உள்ளூர் நன்கொடைக்கு ரசீது போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சங்கம் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருந்தால் மட்டும் கொடுப்பவருக்கு வரிச்சலுகை வந்துவிடாது. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. வங்கிக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, நோட்டீஸ் அடிப்பவருக்காகச் சொல்கிறேன்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் உங்கள் பிள்ளைகளின் கோடைப் பயிற்சிக்குப் பொருந்தாது. 2024இல் வந்த அந்தத் திட்டம் 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, பெரிய நிறுவனங்களில், பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. முழுநேரமாகக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை என்றார்கள். கல்லூரியோடு பேச வேண்டியது வேறு. பிள்ளையின் துறைத் தலைவருக்கு மார்ச் மாதமே சங்கத்தின் கடிதத்தாளில் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், பொறுப்பாளர் யார். வருகைப் பதிவை மணிக்கணக்கில் வையுங்கள். சில கல்லூரிகள் இதைப் பாடத்திட்டத்தில் உள்ள இன்டர்ன்ஷிப்பாகவே ஏற்றுக்கொள்வார்கள், அப்படி ஏற்றால் பிள்ளை வேறு எங்கும் பணம் கட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கி வர வேண்டியிருக்காது. அந்தக் கொடுமையும் இப்போது நடக்கிறது. சங்கம் கொடுக்கும் சர்டிபிகேட்டில் ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று எழுதாதீர்கள். ‘மூன்று ஊற்றுகளின் நீர்வரத்தை 34 நாள் அளந்து பதிவு செய்தார்’ என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த வரியைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

கடைசியாக, திரும்பி வருவார்களா என்ற கேள்வி. உங்களிடம் மறைக்க மாட்டேன், பெரும்பாலானவர்கள் வர மாட்டார்கள். கோவையிலும் பெங்களூரிலும் கிடைக்கும் சம்பளத்தை ஆறு வாரப் பயிற்சி ஈடுகட்டாது, அதற்காக ஒரு பிள்ளையையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நான் அனுப்பிய பிள்ளைகளில் சிலர் இன்று குன்னூரிலும் கூடலூரிலும் வேலை பார்க்கிறார்கள். வெளியே போனவர்களும் லீவில் வரும்போது ‘அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். அந்த வாளிப் பெண் இப்போது சென்னையில் கணக்காளர். இரண்டு வருடம் முன்பு போன் செய்து மூன்றாவது ஊற்றில் எத்தனை விநாடி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அவளுக்குப் பிறகு யாரும் அளக்கவில்லை. பணம் இல்லாமல் அது நின்றுபோனது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ‘ஆறு வாரத்துக்கு ஒரு படித்த பிள்ளை கிடைத்தால் என்ன வேலை கொடுப்பீர்கள்?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் அவர்கள் பேச மாட்டார்கள். லைன் வீட்டுக்கும் ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், எந்த ஆறு வேலை ஆறு வாரத்தில் முடியும் என்று குறித்து அனுப்புகிறேன்.